சர்க்கரை வரியா, பொதுச் சமையற்கூடமா?

மக்களின் உணவை நலமானதாக்க ஒரு நகரம் எதை முதலில் தேர்வது? தென்னாப்பிரிக்கா 2018 ஏப்ரல் முதல், 100 மில்லிலிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் சர்க்கரை கொண்ட பானங்களுக்கு வரி விதிக்கிறது. அரசுக்குச் செலவு குறைவு, வரியைத் தவிர்க்க நிறுவனங்களே சர்க்கரையைக் குறைத்தன என்பதும் உண்மை. ஆனால் வரிப்பணம் பொதுக் கருவூலத்தில் கலந்துவிடுவதால், அந்நாட்டின் ஜொகன்னஸ்பர்க் நகரைச் சேர்ந்த சொவேட்டோவில் காய்கறி மலிவாக அது நேரடியாக வழிசெய்வதில்லை. கென்யாவின் தலைநகரான நைரோபியின் நிர்வாகமோ 2023இல் பெரிய சமையற்கூடங்களைக் கட்டி, பள்ளிப் பிள்ளைகளுக்கு 5 ஷில்லிங்கிற்கு மதிய உணவு வழங்கத் தொடங்கியது. எரிபொருள், வண்டி, ஆட்கூலி என்று ஆண்டுதோறும் செலவு தொடரும். நைரோபி நிர்வாகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் அடுத்த ஆளுநர் கைவிட்டால் திட்டம் நின்றுபோகவும் கூடும். ஆயினும் வரி தட்டில் எதையும் வைப்பதில்லை என்பதால், கையில் அளவான பணம் உள்ள நகரம் சமையற்கூடத்தையே முதலில் தேர்வது நலம். பானங்கள் மீது வரி விதிக்கும் அதிகாரம் பெரும்பாலும் தேசிய அரசிடம்தானே இருக்கிறது.