கால் நூற்றாண்டு கழித்து வந்த எடி: ‘தி கலர் ஆஃப் மணி’ மறுபார்வை

ராபர்ட் ராசன் 1961இல் இயக்கிய ‘தி ஹஸ்லர்’ படத்துக்கு, 25 ஆண்டுகள் கழித்து மார்ட்டின் ஸ்கார்செசி எடுத்த தொடர்ச்சிதான் ‘தி கலர் ஆஃப் மணி’. பால் நியூமனுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த படம் என்ற ஒற்றை வரியோடு பலரும் இதைக் கடந்துபோவது பெரிய அநீதி என்பது, அண்மையில் மறுபடி பார்த்தபோது எனக்கு உறுதியாகிவிட்டது.

முதல் படத்தில் எடி ஃபெல்சன் (பால் நியூமன்), கியூ கோலால் பந்துகளை மேசைக் குழிகளில் தள்ளும் ‘பூல்’ ஆட்டத்தில் அபாரத் திறமை கொண்ட இளைஞன். அவன் ஆட்டத்துக்குப் பந்தயப் பணம் போட்டு, வெற்றியின் பெரும்பங்கை எடுத்துக்கொள்பவன் பெர்ட் கார்டன். இங்கோ, மது விற்பனையில் காலம் தள்ளும் எடியே பெர்ட்டின் நாற்காலியில் வந்து உட்காருகிறார். வின்சென்ட் (டாம் க்ரூஸ்) என்ற துடுக்கான ஆட்டக்காரனையும் அவன் காதலி கார்மெனையும் ஊர் ஊராக அழைத்துச் சென்று, எதிராளிகளைப் பெரிய பந்தயத்துக்கு இழுக்க எங்கே எப்போது வேண்டுமென்றே தோற்க வேண்டும் என்று பாடம் நடத்துகிறார். வால்டர் டெவிஸின் நாவலிலிருந்து தலைப்பைத் தவிர அதிகம் எடுத்துக்கொள்ளாத ரிச்சர்ட் பிரைஸின் திரைக்கதைக்கு உயிர் தருவது இந்த இடமாற்றம்தான்.

ஆட்டமும் மாறியிருக்கிறது. பழைய எடி மணிக்கணக்கில் நின்று ஆடியது பொறுமையைக் கேட்கும் ‘ஸ்ட்ரெயிட் பூல்’. இப்போது எல்லா இடங்களிலும் ‘நைன் பால்’. மேசையில் இருப்பவற்றுள் மிகச் சிறிய எண்ணுள்ள பந்தை முதலில் தொட்டுவிட்டு, எப்படியாவது ஒன்பதாம் பந்தைக் குழியில் தள்ளிவிட்டால் ஆட்டம் முடிந்தது. திறமைக்குப் பக்கத்திலேயே அதிர்ஷ்டத்துக்கும் இடமுண்டு. தொடக்கத்தில் இதை ஸ்கார்செசியே தன் குரலில் விளக்குகிறார்.

‘வேர்வுல்வ்ஸ் ஆஃப் லண்டன்’ பாடலுக்கு வின்சென்ட் கியூ கோலை வாள்போலச் சுழற்றி ஆடும் காட்சியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மைக்கேல் பால்ஹாஸின் கேமரா மேசையைச் சுற்றிச் சுழல்வது கண்ணுக்கு விருந்துதான். ஆனால் படத்தின் உச்சம், ஃபாரஸ்ட் விட்டேகர் ஏமஸாக வரும் சிறு பகுதியே. விளையாட்டுப் பிள்ளைபோலப் பேசிக்கொண்டே ஏமஸ் எடியிடம் பணத்தைக் கறக்கிறான். ஏமாற்று ஆட்டத்தில் ஊறிய மனிதர், தான் ஏமாற்றப்பட்டதைத் தாமதமாக உணரும் அந்த நேரத்தில் நியூமனின் முகத்தில் கோபத்தைவிட வெட்கமே மேலோங்கி நிற்கிறது.

குறைகளும் உண்டு. பயணக் காட்சிகள் நடுவில் ஒன்றையொன்று போலத் தோன்றத் தொடங்குகின்றன. எடியின் காதலியாக வரும் ஹெலன் ஷேவரின் ஜனெல் பாத்திரத்துக்கு, முதல் படத்தில் அவன் காதலியாக இருந்த சாராவின் கனத்தில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

ஆயினும் பெரிய போட்டி நடக்கும் அட்லாண்டிக் சிட்டிக் காட்சிகள் இவற்றையெல்லாம் ஈடுகட்டிவிடுகின்றன. வின்சென்ட்டைப் போட்டியில் வென்று பூரித்திருக்கும் எடியிடம், அவன் வேண்டுமென்றே தோற்றான் என்பதற்குச் சான்றாக, அந்தத் தோல்வியால் கிடைத்த பந்தயப் பணத்தில் எடியின் பங்கு ஓர் உறையில் வந்து சேர்கிறது. தான் கற்றுக்கொடுத்த வித்தையே தன் வெற்றியைப் பொய்யாக்கிவிட்ட பிறகு, எடிக்குத் தேவைப்படுவது பணமல்ல, வின்சென்ட்டின் முழுத் திறமையோடு ஓர் ஆட்டம். அதன் முடிவைக் காட்டாமல் படத்தை நிறுத்தியதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். யார் வென்றார் என்று காட்டியிருந்தால் அதுவரை கட்டிய கதை வெறும் போட்டிக் கதையாகச் சுருங்கியிருக்கும் என்பது என் கருத்து. ‘தி ஹஸ்லர்’ படத்தை முதலில் பார்த்துவிட்டு, அதன் நினைவு மங்குவதற்குள் இதைப் பாருங்கள்.