சட்டியில் எவ்வளவு? விருந்துக்குப் பஞ்ச் அளவைக் கணிக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். விருந்துக்குப் பஞ்ச் கலக்கப் போகிறவர் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டிய பழமொழி இது. பழச்சாறும் பாகும் எலுமிச்சையும் சோடாவும் என்ன விகிதத்தில் சேர வேண்டும் என்பதை நாம் பலமுறை சுவைத்துப் பார்த்துச் சரிசெய்கிறோம். மொத்தம் எத்தனை லிட்டர் வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் குத்துமதிப்பாக ஒரு பதிலைச் சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிடுகிறோம்.

நான் முதன்முதலில் பெரிய அளவில் பஞ்ச் கலந்தபோது கையில் இருந்த செய்முறை "30 பேருக்கு" என்றது. வந்தவர்கள் 27 பேர். அரை மணி நேரத்துக்குள் கிண்ணம் காலி. பிந்தி வந்தவர்கள் வெறுங்கையோடு நின்றதைப் பார்க்க மனம் வலித்தது. மறுநாள் அதே செய்முறையை அளவுக் குவளையோடு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். மொத்தமே நான்கு லிட்டருக்குக் குறைவு. ஆளுக்கு ஒரே ஒரு சிறு கோப்பை. அன்றிலிருந்து நான்கைந்து வழிகளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். எதில் எவ்வளவு நம்பலாம் என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடியும்.

ஒப்பிடுவதற்கு ஒரே விருந்தை வைத்துக்கொள்வோம்: 40 பேர், மூன்று மணி நேரம், ஒரு தடவைக்கு 180 மில்லிலிட்டர் கொள்ளும் கோப்பை.

செய்முறையில் போட்டிருக்கும் எண்

இதுதான் எல்லாரும் பயன்படுத்தும் வழி. மிகவும் ஏமாற்றுவதும் இதுவே. "30 பேருக்கு" என்று எழுதியிருந்தால் அதற்குப் பெரும்பாலும் "30 தடவை ஊற்றலாம்" என்றே பொருள். அந்த ஊற்றும் அளவு பல செய்முறைகளில் 120 மில்லிலிட்டர்தான். பஞ்ச் கிண்ணத்தோடு சேர்ந்து வரும் குட்டிக் கைப்பிடிக் கோப்பைக்கு அது பொருந்தும். இன்று நாம் வாங்கி வைக்கும் கோப்பைகள் அதைவிடப் பெரியவை.

ஓர் அமெரிக்க கேலன் என்பது 3.785 லிட்டர். 120 மில்லிலிட்டராக ஊற்றினால் 31 கோப்பை வரும். 180 ஆக ஊற்றினால் 21. 240 ஆக ஊற்றினால் 16கூட முழுதாக வராது. ஒரே பாத்திரம், ஒரே பஞ்ச், ஆனால் போதுமான ஆட்களின் எண்ணிக்கை பாதியாகிவிடுகிறது. செய்முறை பிரிட்டன் கேலனில் எழுதப்பட்டிருந்தால் அது 4.546 லிட்டர்; அங்கேயே ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம். நம் விருந்துக்கு இந்த வழியில் கணக்கிட்டால் 4.8 லிட்டர் வரும். அது போதவே போதாது. செய்முறையைச் சுவைக்காகப் பின்பற்றுங்கள். அளவுக்காக அதை நம்பாதீர்கள்.

ஆளுக்கு இத்தனை கோப்பை

ஆளுக்கு இரண்டு அல்லது மூன்று கோப்பை என்று பெருக்கும் முறை நேர்மையானது. இரண்டு என்றால் 14.4 லிட்டர், மூன்று என்றால் 21.6 லிட்டர். வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடும் ஒரு மணி நேரச் சந்திப்புக்கும், எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும் விருந்துக்கும் இதைவிடச் சிக்கலான கணக்கு தேவையில்லை. இரண்டு கோப்பை என்றே வைத்துக்கொள்ளலாம்.

இதன் குறை, நேரத்தைக் கண்டுகொள்ளாதது. ஒரு மணி நேரம் நடந்தாலும் நான்கு மணி நேரம் நடந்தாலும் ஒரே விடை. இரண்டு என்பதா மூன்று என்பதா என்ற தேர்விலேயே ஏழு லிட்டருக்கு மேல் தொங்குகிறது. அந்தத் தேர்வைச் செய்ய இந்த முறை நமக்கு எந்த உதவியும் செய்வதில்லை.

மணிக்கணக்கு

முதல் மணி நேரத்தில் ஆளுக்கு இரண்டு, பிறகு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒன்று என்பது விருந்து நடத்துபவர்களிடையே பரவலாக இருக்கும் கணக்கு. நம் 40 பேருக்கு மூன்று மணி நேரத்தில் ஆளுக்கு நான்கு கோப்பை, மொத்தம் 28.8 லிட்டர்.

முதல் மணி நேரத்துக்கு இரண்டு என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதம் அதில் இருக்கிறது. வரும்போது தாகத்தோடு வருகிறார்கள். யாரிடம் பேசுவது என்று தெரியாத நேரத்தில் கையில் ஒரு கோப்பை துணையாக இருக்கிறது. பாதி குடித்ததை எங்கோ வைத்துவிட்டு யாரையோ கட்டித் தழுவுகிறார்கள். திரும்பி வந்து எது தன்னுடையது என்று தெரியாமல் புதிதாக ஒன்று எடுக்கிறார்கள். இப்படிக் குடிக்காமல் வீணாகும் பஞ்சையும் சேர்த்துத்தான் அந்த "இரண்டு". கோப்பையில் பெயர் எழுத ஒரு பேனாவை அருகே வைத்தால் இந்த வீணாவது வெகுவாகக் குறையும்.

ஆனால் இந்தக் கணக்கை நீட்டிக்கொண்டே போகக் கூடாது. ஐந்து மணி நேர விருந்துக்கு இது ஆளுக்கு ஆறு கோப்பை என்கிறது. அதாவது ஒவ்வொருவரும் ஒரு லிட்டருக்கு மேல் இனிப்புப் பானம் குடிக்க வேண்டும்! சாப்பாடு வந்தவுடன் பெரும்பாலோர் தண்ணீருக்கு மாறிவிடுகிறார்கள். கடைசியில் காபியோ தேநீரோ இருந்தால் பஞ்ச் பக்கம் யாரும் திரும்புவதில்லை. ஆகவே விருந்து எவ்வளவு நீண்டாலும் ஆளுக்கு நான்கு கோப்பைக்கு மேல் நான் கணக்கிடுவதில்லை. வெயிலில், திறந்த வெளியில் நடந்தால் மட்டும் கால் பங்கு கூட்டிக்கொள்கிறேன். அங்கேயும் பஞ்சைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் வைக்க வேண்டும்.

கிண்ணத்தை வைத்து அளப்பது

லிட்டரை மறந்துவிட்டு "எத்தனை கிண்ணம்" என்று எண்ணுவது இன்னொரு வழி. கணக்கு வராது என்று ஒதுங்குபவர்களுக்கு இது உகந்தது என்று நினைத்தேன்; உண்மையில் கணக்கு நன்றாக வருபவர்களுக்கும் இதுவே கண்ணுக்குத் தெரியும் அளவு. ஆனால் கிண்ணத்தின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது. எட்டு லிட்டர் கிண்ணத்தை விளிம்பு வரை யாரும் நிரப்புவதில்லை. அகப்பை நுழைய இடம் விட்டால் ஆறு லிட்டர். அதில் ஒரு கிலோ ஐஸ் மிதந்தால் அது ஒரு லிட்டர் இடத்தை எடுத்துக்கொள்கிறது. மிஞ்சுவது ஐந்து லிட்டர் பஞ்ச், 27 கோப்பை. 40 பேருக்கு ஒரு சுற்றுக்கூட வராது.

இந்த இடத்தில்தான் மற்ற எண்களுக்குப் பொருள் கிடைக்கிறது. ஆளுக்கு இரண்டு கோப்பை என்ற குறைந்த கணக்கு மூன்று கிண்ணம். மணிக்கணக்கின் 28.8 லிட்டர் ஆறு கிண்ணம். நம் விருந்துக்கு உண்மையான விடை "மூன்றிலிருந்து ஆறு கிண்ணத்துக்குள்" என்பதுதான். அதற்குள் எந்த எண் என்பது விருந்து நடக்கும்போதுதான் தெரியும். முன்கூட்டியே ஒரே எண்ணைப் பிடிக்க முயல்வதே தவறு என்பது என் உறுதியான கருத்து.

கெட்டிக் கலவையும் தவணையும்

ஆகவே நான் தேர்ந்தெடுப்பது தவணை முறை. பழச்சாறு, எலுமிச்சைச் சாறு, பாகு ஆகியவற்றை மட்டும் சேர்த்துக் கெட்டிக் கலவையாகச் செய்து குளிர வைத்துவிட வேண்டும். தண்ணீரும் சோடாவும் கிண்ணத்தில் ஊற்றும்போதுதான் சேரும். பஞ்சுக்குப் பழைய விகிதம் ஒன்று உண்டு: புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு, காட்டமானது மூன்று, நீர்த்தது நான்கு. காட்டமான பங்கு மதுவாக இருந்தது; அந்த இடத்தில் அடர்த்தியான பழச்சாற்றை வைத்தாலும் கூட்டல் மாறுவதில்லை. பத்துப் பங்கில் ஆறு கெட்டிக் கலவை, நான்கு நீர். ஐந்து லிட்டர் கிண்ணம் ஒன்றுக்கு மூன்று லிட்டர் கலவை, இரண்டு லிட்டர் சோடா. இந்த விகிதம் உங்கள் நாவுக்கு இனிப்பு மிகுந்ததாகத் தோன்றினால் பாகைக் குறைத்துச் சாற்றைக் கூட்டுங்கள்.

நம் விருந்துக்கு நான் செய்வது இது: நான்கு கிண்ணத்துக்கான கெட்டிக் கலவை, அதாவது 12 லிட்டர், ஃபிரிட்ஜில். இன்னும் இரண்டு கிண்ணத்துக்கான சாறும் சோடாவும் திறக்காத பாட்டில்களாக அலமாரியில். மேசையில் இருப்பது எப்போதும் ஒரே ஒரு கிண்ணம். அது மூன்றில் ஒரு பங்காகக் குறையும்போது அடுத்ததைக் கலக்கிறேன். திறக்காத பாட்டில் வீணாவதில்லை. கலவை ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும். வீணாகக் கூடியது கடைசிக் கிண்ணத்தின் மிச்சம் மட்டும்தான். மொத்தத்தையும் முன்னதாகக் கலந்து வைத்தவருக்கோ, சோடாவின் குமிழி போய், எலுமிச்சைத் துண்டுகளின் வெள்ளைத் தோல் கசப்பை இறக்கி, மிஞ்சிய பத்து லிட்டரும் யாருக்கும் பயன்படாது. பால், ஐஸ்கிரீம் சேர்த்த பஞ்ச் என்றால் தவணை முறை கட்டாயம்: அது அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது.

இந்த முறைக்கும் விலை உண்டு. யாராவது ஒருவர் கிண்ணத்தின் மேல் கண் வைத்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் இடம் வேண்டும். தனியாளாக விருந்து நடத்துபவருக்கு இது சுமைதான். அவருக்கு நான் சொல்வது: ஆளுக்கு மூன்று கோப்பை என்று கணக்கிட்டு, பெரிய குழாய் வைத்த பாத்திரத்தில் சோடா இல்லாத பஞ்சைக் கலந்து வைத்துவிடுங்கள், சோடா பாட்டில் பக்கத்தில் இருக்கட்டும், அவரவர் ஊற்றிக்கொள்ளட்டும்.

ஐஸ், கோப்பை

எந்த முறையானாலும் இந்த இரண்டும் கணக்கைக் கவிழ்க்கும். 25 டிகிரியில் இருக்கும் ஐந்து லிட்டர் பஞ்சை 5 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 1.2 கிலோ ஐஸ் உருக வேண்டும். அதாவது கிண்ணத்தில் 1.2 லிட்டர் தண்ணீர் சேர்ந்துவிடும். அளவு கூடியதுபோலத் தெரியும்; சுவை ஐந்தில் ஒரு பங்கு நீர்த்திருக்கும். எல்லாவற்றையும் முன்பே குளிர வைத்துவிட்டால் இந்த உருகல் பெரும்பாலும் நின்றுவிடும். சிறு துண்டுகளைவிட ஒரே பெரிய கட்டி மெதுவாக உருகும், ஏனென்றால் அதே எடைக்கு அதன் வெளிப்பரப்பு குறைவு.

கோப்பை விஷயம் இன்னும் பெரியது. 180க்குப் பதில் 240 மில்லிலிட்டர் கோப்பை வாங்கினால் நம் 28.8 லிட்டர் 38.4 ஆகிவிடுகிறது. பெரிய கோப்பையில் குடிப்பவர் ஒரு சுற்றுக் குறைவாக எடுப்பார் என்பது உண்மை. ஆனால் மீதம் வைப்பதும் அதிகம். விருந்துக்கு முன் செய்ய வேண்டிய ஒரே சோதனை: வாங்கிய கோப்பையில் இயல்பாக ஊற்றும் மட்டம் வரை தண்ணீர் ஊற்றி, அதை அளவுக் குவளையில் கவிழ்த்துப் பாருங்கள். அகப்பைக்கும் அப்படியே.

இரண்டு வகைப் பஞ்ச் வைப்பவர்கள் அளவை இரட்டிப்பாக்க வேண்டாம். தாகம் அதேதான்; மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் போதும். அவற்றில் ஒன்று மது கலந்தது என்றால் அதற்கு மணிக்கணக்கைப் பயன்படுத்தவே கூடாது. தாகத்தைத் தணிக்க வேண்டியது மதுவில்லாப் பஞ்சும் தண்ணீரும்தான். மதுப் பஞ்சை ஆளுக்கு ஒன்றிரண்டு சிறு கோப்பையோடு நிறுத்தி, எது எது என்று பெரிதாக எழுதி ஒட்டி வைக்க வேண்டும்.

மிஞ்சிய கெட்டிக் கலவையை அடுத்த விருந்துக்கு ஐஸாக மாற்றிக்கொள்ளலாம். அப்படியே உறைய வைத்தால் சர்க்கரை மிகுதியால் இறுகாமல் சேறுபோல் நிற்கும். சரிபாதி தண்ணீர் சேர்த்து, அகலமான பாத்திரத்தில் ஊற்றி உறைய விட்டால் ஒரே கட்டியாக வரும். உருகும்போது வெறும் தண்ணீருக்குப் பதில் பஞ்சாகவே கரையும்.