2001 எஃப்-350 மீது கேம்பர் ஏற்றி ஓட்டும் அனுபவம்: எஞ்சினை விடுங்கள், பின் ஆக்ஸிலைப் பாருங்கள்

எங்களிடம் இருப்பது 2001-ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-350. நாலு கதவு, எட்டு அடி பெட் (பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி), பின்னால் பக்கத்துக்கு ஒரே சக்கரம், ஃபோர் வீல் டிரைவ், 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல், ஆட்டோமேட்டிக் கியர். அமெரிக்காவில் டென்வருக்கு மேற்கே உள்ள கொலராடோ மலைச்சாலைகளில் சில வருடங்களாக அதன் மேல் ஒரு பழைய கேம்பரை ஏற்றிக்கொண்டு சுற்றுகிறோம்.

ஸ்லைடு-இன் கேம்பரை நேரில் பார்க்காதவர்களுக்காக: படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய ஒரு பெட்டி அது. பிக்கப்பின் பின்கதவைக் கழற்றிவிட்டு, நாலு மூலையிலும் இருக்கும் ஜாக்குகளால் பெட்டியை உயர்த்தி நிறுத்தி, வண்டியை அதன் அடியில் ரிவர்ஸில் நுழைத்து, மெதுவாக இறக்க வேண்டும். படுக்கை இருக்கும் பகுதி டிரைவர் கேபினுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். வேண்டாதபோது வீட்டுப் பக்கவாட்டில் இறக்கி வைத்துவிட்டுப் பிக்கப்பை வழக்கம்போல் ஓட்டலாம். பெரிய ஆர்.வி. (வீட்டு வசதிகளோடு வரும் வண்டி) வாங்காமல் இதை எடுத்ததற்கு அது ஒரு காரணம். குறுகலான காட்டுப்பாதையிலும் நுழையலாம் என்பது இன்னொன்று.

யாரிடம் பேசினாலும் முதல் கேள்வி, “எஞ்சின் இழுக்குமா?” இழுக்கும். 7.3 எஞ்சின் ஃபோர்டுக்காக நேவிஸ்டார் செய்து கொடுத்தது. 1994-இல் வந்து 2003-இல் நின்றது. ஆட்டோமேட்டிக் கியர் வைத்த 2001 வண்டியில் 250 குதிரைத்திறன், 505 பவுண்டு-அடி டார்க். இன்றைய டீசல் பிக்கப்புகள் இதைப்போல இரு மடங்கு டார்க் காட்டுகின்றன, உண்மைதான். ஆனால் கேம்பர் சுமந்தபடி ஏற்றத்தில் மணிக்கு 45 மைலில் வலது லேனில் போனால் யாருக்கு என்ன நஷ்டம்? சிப் போட்டு 60, 80 குதிரைத்திறன் கூட்டிக்கொள்ளச் சொல்பவர்கள் நிறைய. பழைய டீசல் வாங்கியவர்கள் முதல் ஆயிரம் டாலரை அதில் போடுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். இந்த வேலையில் முதலில் திணறுவது எஞ்சின் இல்லை. பின் ஆக்ஸில், அதன் டயர், அதன் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), அப்புறம் கியர் பாக்ஸின் சூடு. காசு போக வேண்டிய வரிசையும் அதுதான்.

எடையில் தொடங்குகிறேன். இங்கே நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கிறது. லாரிகளுக்காக வைத்தது என்றாலும் யாரும் நிறுத்தி எடை போடலாம், கட்டணம் பெரிதில்லை. முன் ஆக்ஸிலுக்குத் தனியாக, பின் ஆக்ஸிலுக்குத் தனியாக எடை போட்டுச் சீட்டு தருவார்கள். கேம்பர் வாங்குவதற்கு முன்பே, டேங்க் நிறைய டீசலோடு, நான் மட்டும் உட்கார்ந்து வெறும் வண்டியை எடை போட்டேன். முன்னால் 4,180 பவுண்டு, பின்னால் 2,860 பவுண்டு. டிரைவர் கதவோரம் கம்பெனி ஒட்டிய சீட்டின்படி வண்டியின் மொத்த எடை வரம்பு 9,900 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 4,490 கிலோ. கழித்துப் பார்த்தால் கேம்பர், மனைவி, சாமான் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2,860 பவுண்டு மிச்சம். “ஒரு டன் வண்டி (எஃப்-350 ரகத்தை வழக்கில் அப்படித்தான் சொல்வார்கள்), எதையும் தாங்கும்” என்று விற்பவர் சொன்னதற்கு இதுதான் கணக்கு.

நாங்கள் எடுத்த கேம்பரின் ஸ்டிக்கரில் உலர் எடை 1,980 பவுண்டு என்று போட்டிருந்தது. உலர் எடை என்றால் தண்ணீர் இல்லை, கேஸ் இல்லை, பேட்டரி இல்லை, பல நேரம் கூரை ஏசியும் பக்கப் பந்தலும்கூட இல்லை. 30 கேலன் தண்ணீரே 250 பவுண்டு. இரண்டு கேஸ் சிலிண்டர் நிரப்பினால் 75 பவுண்டு. இரண்டு லெட்-ஆசிட் பேட்டரி 120 பவுண்டு. பாத்திரம், அரிசி, போர்வை, டூல் பெட்டி, மடக்கு நாற்காலி, எல்லாம் ஏறிய பிறகு மறுபடி எடைமேடைக்குப் போனோம். முன்னால் 4,300, பின்னால் 5,560. மொத்தம் 9,860. வரம்புக்கு உள்ளேதான், மயிரிழையில். உலர் எடைக்கும் ஏறிய எடைக்கும் 840 பவுண்டு வித்தியாசம். கேம்பர் விற்கும் இடங்களில் இந்த வித்தியாசத்தைத் தாமாகச் சொல்பவர்களை நான் பார்த்ததில்லை. எங்கள் பழக்கம், தண்ணீரைப் பாதிக்குமேல் நிரப்பாமல் கிளம்பிப் போகிற இடத்தில் நிரப்பிக்கொள்வது. அதிலேயே 120 பவுண்டுக்கு மேல் குறையும்.

அந்த எண்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். கூடிய எடையில் முன் ஆக்ஸிலுக்குப் போனது 120 பவுண்டு மட்டும், மீதி முழுக்கப் பின்னால். கேம்பரின் பக்கவாட்டில் அதன் ஈர்ப்பு மையத்தைக் காட்டும் குறி இருக்கும். அது பின் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் முன்சக்கரங்கள் இலேசாகி ஸ்டியரிங் பிடிமானம் போய்விடும். எட்டு அடி பெட் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது இதற்காகத்தான். ஆறே முக்கால் அடி பெட்டில் நீளமான கேம்பரைத் தொங்கவிட்டு ஓட்டுபவர்களைப் பார்த்தால் அவர்களுக்குப் பின்னால் போகவே எனக்குத் தயக்கம்.

அடுத்தது டயர். கதவோரச் சீட்டில் பின் ஆக்ஸில் வரம்பு 6,830 பவுண்டு. எங்கிருந்து வந்தது இந்த எண்? கம்பெனி போட்ட எல்டி265/75ஆர்16, லோடு ரேஞ்ச் (டயர் தாங்கும் சுமையின் தரம்) ஈ டயர் ஒன்று 80 பி.எஸ்.ஐ. காற்றில் தாங்குவது 3,415 பவுண்டு. அதை இரண்டால் பெருக்குங்கள், அதே 6,830. எல்டி235/85ஆர்16 போட்டால் டயருக்கு 3,042, மொத்தம் 6,084. அதாவது ஆக்ஸிலின் வரம்பு என்று நாம் படிப்பது உண்மையில் டயரின் வரம்பு. பார்வைக்காக லோடு ரேஞ்ச் குறைந்த அகல டயர் மாட்டிய பழைய பிக்கப்பை வாங்கினால் அந்த வரம்பு சொல்லாமல் கொள்ளாமல் இறங்கியிருக்கும்.

எங்கள் வண்டியோடு வந்த டயர்களில் பட்டன் நன்றாகவே இருந்தது. பக்கவாட்டில் டாட் எண்ணின் (தயாரிப்பு விவரக் குறியீடு) கடைசி நாலு இலக்கம் வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். அதன்படி பத்து வயது தாண்டியவை. கொலராடோ வெயிலில் ரப்பர் சீக்கிரம் காய்ந்து வெடிப்பு விடும். யோசிக்காமல் ஐந்தையும் மாற்றினோம், ஸ்டெப்னியையும் சேர்த்து. 80 பி.எஸ்.ஐ. வைப்பதால் ரப்பர் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு. கேம்பர் இருக்கும்போது பின்னால் 80, முன்னால் 60. இறக்கியதும் பின்னால் 50-க்குக் குறைத்துவிடுவேன், இல்லாவிட்டால் காலி வண்டி குதித்துக் குதித்து இடுப்பைப் பதம் பார்க்கும்.

இப்போது பட்டை. ஃபோர்டு அந்தக் காலத்தில் ‘கேம்பர் பேக்கேஜ்’ என்று ஒன்று கொடுத்தது. வழக்கமான பட்டைக்கு மேல் கூடுதலாக ஓவர்லோடு பட்டை இருக்கும், எடை ஏறியதும் அது வண்டியின் அடிச்சட்டத்தில் உள்ள தாங்கியில் போய் முட்டிச் சுமையை வாங்கிக்கொள்ளும். எங்கள் வண்டியில் அது இல்லை. ஜங்க் யார்டில் அதே வயதுள்ள வண்டி ஒன்றிலிருந்து அந்தப் பட்டையையும் தாங்கிகளையும் கழற்றி வந்தேன். இருக்கிற செலவுகளிலேயே மலிவானது இது, பலனும் இதில்தான் அதிகம். மாட்டிக் கொடுத்த பட்டறையில், பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கும் பழைய யூ-போல்ட்டுகளையே திரும்ப முறுக்கப் பார்த்தார்கள். விடவில்லை. யூ-போல்ட் ஒருமுறை இழுபட்டால் இழுபட்டதுதான், புதுசு போட வேண்டும், சில நூறு மைல் ஓடியபின் மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபார்க்க வேண்டும். அதே சமயம் பட்டையின் பின்முனையை அடிச்சட்டத்தோடு பிடிக்கும் ஷேக்கிளையும் ஹேங்கரையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பனி உருக உப்புத் தூவும் சாலைகளில் ஓடிய அந்தக் காலத்து வண்டிகளில் அவை துருவில் பொத்துப் போவது சகஜம். ஓஹையோ, மிச்சிகன் பக்கத்து வண்டி விலை குறைவாகக் கிடைக்கிறதென்றால் அடியில் படுத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஏர் பேக் (பின் ஆக்ஸிலுக்கு மேல் வைக்கும் காற்றுப்பை) பற்றி எல்லோரும் கேட்பார்கள். முந்தைய உரிமையாளர் மாட்டியது இந்த வண்டியிலும் இருக்கிறது. வண்டியைச் சமமாக நிறுத்த நல்லது, அவ்வளவுதான். எடை வரம்பை ஒரு பவுண்டுகூட அது உயர்த்தாது. இரண்டு பையையும் ஒரே குழாயில் இணைத்திருந்தார்கள். அப்படி இணைத்தால் வளைவில் சாயும் பக்கத்திலிருந்து காற்று மறுபக்கத்துக்கு ஓடி, சாய்வு இன்னும் கூடும். குழாயைப் பிரித்து இரண்டு தனி வால்வு வைத்ததும் வித்தியாசம் முதல் ரவுண்டானாவிலேயே தெரிந்தது. சாய்வுக்கு உண்மையான மருந்து பின் ஸ்வே பார், இரு பக்கத்தையும் இணைத்துச் சாய்வைத் தடுக்கும் இரும்புக் கம்பி. ஹெல்விக் தடிமன் பார் ஒன்று போட்டோம், கூடவே ராஞ்சோ 9000 ஷாக் அப்சார்பர், குமிழைத் திருப்பிக் கடினத்தை மாற்றிக்கொள்ளும் வகை. சில்வர்டனிலிருந்து யூரே போகும் 550-ஆம் எண் சாலையில், 11,018 அடி உயர ரெட் மவுன்டன் கணவாயைத் தாண்டி இறங்கும்போது, ஓரத்தில் தடுப்பே இல்லாத வளைவுகள் வரும். பார் போடுவதற்கு முன் அந்தச் சாலையில் மனைவி ஜன்னல் பக்கம் பார்க்கவே மாட்டாள். இப்போது படம் எடுக்கிறாள். இதைவிட நம்பகமான பரிசோதனை எனக்குத் தெரியாது.

கட்டும் முறையில் சிக்கனம் வேண்டாம். பெட்டின் தகரத்தில் மாட்டும் கொக்கிகள் விலை குறைவு, ஆனால் இழுப்பில் தகரம் வளையும், வெல்டு விடும். நாங்கள் போட்டது டார்க்லிஃப்ட், அடிச்சட்டத்தில் நேராகப் பூட்டுவது, துளை போட வேண்டியதில்லை. ஸ்பிரிங் வைத்த டர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் கட்டு) நாலு. பெட்டில் இருந்த வழவழ பிளாஸ்டிக் லைனரைத் தூக்கி எறிந்துவிட்டுக் கனமான ரப்பர் பாய் விரித்தோம். கேம்பரை நகரவிடாமல் பிடிப்பதில் பாதி வேலை அந்தப் பாயுடையது. ஏற்றிய பிறகு முதல் இருபது மைலில் நிறுத்தி டர்ன்பக்கிளைத் தொட்டுப் பார்ப்பது இன்றும் பழக்கம். பெட்டி படிந்து, ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும்.

கியர் பாக்ஸ், இந்த வண்டியில் 4ஆர்100. சூடுதான் அதன் எமன். தொழிற்சாலைக் கூலரை எடுத்துவிட்டு, பின்னால் வந்த 6.0 லிட்டர் வண்டியின் பெரிய கூலரை மாட்டுவது 7.3 வைத்திருப்பவர்கள் நடுவே பழகிப்போன வேலை. அதையே செய்தோம், வெப்பமானியும் வைத்தோம். ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹவர் சுரங்கத்தை நோக்கி ஏறும்போது முன்பு 220 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டிப் பார்த்தது, இப்போது கோடையிலும் 190-ஐ ஒட்டி நிற்கிறது. சுரங்கமே 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. டர்போ இருப்பதால் உயரத்தில் எஞ்சின் அவ்வளவாகச் சோர்வதில்லை. புகைச் சூட்டைக் காட்டும் பைரோமீட்டர் ஒன்றும் உண்டு, டர்போவுக்கு முன்னால் 1,250 டிகிரியைத் தாண்டவிடாமல் காலைத் தளர்த்துவேன்.

ஏறுவதைவிட இறங்குவது பெரிய காரியம். டென்வர் பக்கம் இறங்கும் லாரிக்காரர்களை ‘இறக்கம் இன்னும் முடியவில்லை’ என்று எச்சரிக்கும் பலகைகள் அந்தச் சாலையில் பிரபலம். நமக்கும் அது பொருந்தும். ஓவர்டிரைவை (உச்ச கியர்) அணைத்து, தேவைப்பட்டால் இரண்டாம் கியருக்கு வந்து, பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டும். இருபது வருட ரப்பர் பிரேக் ஹோஸ்கள் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். நாலையும் மாற்றி, பிரேக் எண்ணெயை முழுக்கக் கழுவிப் புதிதாக ஊற்றி, காலிப்பர் பின்களுக்குக் கிரீஸ் வைத்தோம்.

எஞ்சினுக்குச் செய்தது கொஞ்சம்தான். 15 குவார்ட் ஆயில் நேரத்துக்கு மாற்றுவது முக்கியம், ஏனென்றால் இதில் இன்ஜெக்டரை இயக்குவதே ஆயில் அழுத்தம்தான். பச்சைக் கூலன்ட் ஊற்றினால் எஸ்.சி.ஏ. என்ற சேர்மானம் கட்டாயம். இல்லையேல் சிலிண்டர் சுவரைக் குமிழ்கள் அரித்துத் துளைத்துவிடும். கையுறைப் பெட்டியில் கேம் பொசிஷன் சென்சார் ஒன்றும் 10 மில்லிமீட்டர் ஸ்பேனரும் எப்போதும் இருக்கும். அந்தச் சின்னச் சாமான் போனால் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் பட்டென்று நின்றுவிடும், மாற்றப் பத்து நிமிடம் போதும். 7.3 ஓட்டுபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒன்று வைத்திருப்பார்கள்.

மின்சாரத்தில் ஒரே ஒரு விஷயம். வண்டியின் ஏழு முனை பிளக் வழியாக வரும் மெல்லிய கம்பியில் கேம்பர் பேட்டரி சரியாக ஏறாது, வழியிலேயே வோல்ட் விழுந்துவிடும். தடித்த கம்பி இழுத்து, 30 ஆம்பியர் விக்ட்ரான் டிசி-டிசி சார்ஜர் வைத்தபின் மூன்று மணி நேரம் ஓட்டினால் இரவுக்குத் தாராளம்.

காலியாக கேலனுக்கு 16 மைல் கொடுத்த வண்டி கேம்பரோடு 12 கொடுக்கிறது, எதிர்காற்று என்றால் 10. 38 கேலன் டேங்க் இருப்பதால் பங்க்கைத் தேட வேண்டியதில்லை. பின்பாரம் ஏறியதும் முன்விளக்குகள் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், திருகாணியைத் திருப்பிக் கீழே இறக்குங்கள். மொத்த உயரம் 10 அடி 4 அங்குலம். அதை ஒரு காகிதத்தில் எழுதிச் சன் வைசரில் ஒட்டியிருக்கிறேன், பர்கர் கடை டிரைவ்-த்ரூ பக்கம் போவதே இல்லை.

இதுவரை டயர் நீங்கலாக, கூலர், பார், ஷாக், கட்டுகள், பிரேக், வயரிங் எல்லாம் சேர்த்து மூவாயிரம் டாலருக்குச் சற்று மேல் ஆகியிருக்கும், வேலையில் பெரும்பகுதி நானே செய்ததால். பாக்கி இருப்பது முன் பால் ஜாயின்ட்டுகள். இடது பக்கம் கொஞ்சம் ஆட்டம் தெரிகிறது, பனிக்காலத்தில் கேம்பரை இறக்கி வைத்ததும் அதைப் பிரிக்க வேண்டும்.