ஆண்டின் சுயாதீன ஆல்பங்கள்: ஸ்பாட்டிஃபையில் கேட்பதா, பேண்ட்கேம்பில் வாங்குவதா?

புதிய சுயாதீனக் கலைஞர்களைத் தேடிக் கண்டடைவதில் ஸ்பாட்டிஃபையே முந்துகிறது. இதில் வாதத்துக்கு இடமில்லை. அவர்களுக்குப் போய்ச் சேரும் பணத்தில்தான் கணக்கு மாறுகிறது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் 30 வினாடி ஓடினால்தான் ஒருமுறை கேட்டதாகப் பதிவாகும். அத்துடன், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு 2024 முதல் உரிமத்தொகையே கிடையாது என்பதால், படுக்கையறையில் பதிவுசெய்து முதல் ஆல்பத்தை வெளியிடும் ஒருவர் வெறுங்கையோடு நிற்க நேரிடலாம். கலைஞர்கள் தங்கள் இசையை ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்போ டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக 15 விழுக்காட்டைத் தன் பங்காக எடுத்துக்கொண்டு, பணப்பரிமாற்றக் கட்டணம் போக மீதியைக் கலைஞருக்கே தருகிறது. 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் வெள்ளி' நாள்களில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. வாங்கிய ஆல்பத்தை ஒலித்தரம் குறையாத ஃபிளாக் (FLAC) கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால், பின்னாளில் அது தளத்திலிருந்து நீக்கப்பட்டாலும் நம் கணினியில் இருக்கும். தேடுபொறியாக மட்டும் பார்த்தால் பேண்ட்கேம்ப் சற்றுச் சோம்பல்தான். ஆகவே ஸ்பாட்டிஃபையில் கேட்டுப் பார்த்து, மூன்றாம் முறையும் முதல் பாடலிலிருந்து கடைசிவரை தாவாமல் கேட்கத் தோன்றிய ஆல்பத்தை மட்டும் பேண்ட்கேம்பில் வாங்குவது என் வழக்கம்.