சுவர் ஓதத்துக்கு வேலை கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்: மூன்று மாதச் சம்பளத்தை இழந்தவனின் எச்சரிக்கை

நேற்று மாலை அம்மாவின் அறைச் சுவரில் காரையைக் கொத்தித் தள்ளியபோது உள்ளே இருந்த செங்கல் தொட்டால் கை நனையும் அளவுக்கு ஊறிப்போயிருந்தது. அதே சுவரின் ஓதத்தை, அதாவது உள்ளே ஊறும் ஈரத்தை, சரிசெய்வதற்காகத்தான் ஒன்றரை மாதத்துக்கு முன்பு என் மூன்று மாதச் சம்பளத்தை ஒரே தவணையில் கொடுத்தேன். வீட்டுப் பராமரிப்பு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலி வழியாக வந்த ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தேன். புகார் இன்னும் முடியாததால் பெயர்களை எழுதவில்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இன்னொரு குடும்பம் இதில் சிக்கக் கூடாது.

அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வந்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அலமாரியை நகர்த்திப் பெருக்கியபோதுதான் நிலைமை தெரிந்தது. அதன் முதுகுப் பலகையில் கரும்பச்சையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. சுவரில் இடுப்பு உயரம்வரை பெயின்ட் கொப்புளித்து, விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அம்மாவுக்கு ஆஸ்துமா உண்டு. பூஞ்சையின் வித்துகள் மூச்சோடு உள்ளே போனால் இழுப்பு அதிகமாகும் என்பது எனக்குத் தெரியும் என்பதால், அன்று இரவே செயலியில் பதிவு செய்தேன்.

மறுநாள் வந்தவர் சுவர் ஓரமாக மண்டியிட்டு, உப்பை விரலால் தேய்த்து என்னிடம் காட்டினார். பிறகு இரண்டு ஊசி முனைகள் கொண்ட ஒரு சிறிய கருவியை எடுத்துச் சுவரில் அழுத்தினார். அது கீச்சிட்டது, சிவப்பு விளக்கு எரிந்தது. "பாருங்கள் சார், சுவர் முழுக்கத் தண்ணீர் குடித்திருக்கிறது. அடித்தளத்திலிருந்து ஓதம் ஏறுகிறது, மருந்து செலுத்தித்தான் நிறுத்த முடியும்" என்றார். எழுந்தவர் என் அம்மாவின் பக்கம் திரும்பி, "அம்மா, இனிமேல் நீங்கள் இந்த அறையில் நிம்மதியாகத் தூங்கலாம், பத்து வருடத்துக்கு நான் பொறுப்பு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் அவரை நம்பினேன். முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுத்தால் தள்ளுபடி உண்டு என்றதும், மூன்று மாதச் சம்பளம் அப்போதே கைமாறியது.

இப்போது விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதம் என்பது, மண்ணிலுள்ள ஈரத்தைச் செங்கல்லும் காரையும் நுண்துளைகள் வழியாக உறிஞ்சி மேலே இழுப்பதால் வருவது. அது பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். நாங்கள் குடியிருப்பதோ முதல் மாடி. தரைத்தளத்துச் சுவர் முழுவதும் காய்ந்திருக்க, மண்ணின் ஈரம் அதைத் தாண்டி எங்கள் அறைக்கு எப்படி வரும்? அந்த ஊசிக் கருவி சுவரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை மட்டுமே அளக்கிறது. உப்புப் பூத்த இடத்தில் வைத்தால் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். அவர் சரியாக அந்த உப்பின்மேல்தான் வைத்தார். உப்பில்லாத வேறு ஓர் இடத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை.

இரண்டு நாள் வேலை நடந்தது. சுவரில் வரிசையாகத் துளையிட்டு, பால் போன்ற ஒரு திரவத்தைச் செலுத்தி, பட்டி பார்த்து, ஈரம் காயும் முன்பே நீர்த்தடுப்புப் பூச்சும் பெயின்ட்டும் அடித்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது வாரத்தில் ஒரு கொப்புளம் எழுந்தது. நான்கு நாளில் உள்ளங்கை அளவானது. கட்டைவிரலால் அழுத்தினேன், தோல் கிழிந்து பழுப்பு நிறத் தண்ணீர் வழிந்தது. ஈரச் சுவரின்மேல் பிளாஸ்டிக் போன்ற பூச்சை அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கும் என்பது அந்தத் தொழில் செய்கிறவருக்குத் தெரியாமல் இருக்காது.

முதல் அழைப்பில், "பெயின்ட் செட்டாக ஒரு மாதம் ஆகும் சார்" என்றார். இரண்டாவது அழைப்பில், வெளியூரில் இருப்பதாகச் சொன்னார். மூன்றாவது முறை அவருடைய உதவியாளர் எடுத்து, நாங்கள் ஜன்னலைத் திறப்பதில்லை, வீட்டுக்குள் துணி காயப்போடுகிறோம், அதனால் வந்த ஈரம் இது என்று எங்கள்மேலேயே பழியைப் போட்டார். பிறகு என் எண்ணிலிருந்து போகும் அழைப்புகள் எதுவும் எடுக்கப்படவில்லை. செயலியின் வாடிக்கையாளர் சேவையில் ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் வந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 48 மணி நேரத்தில் தீர்வு கிடைக்கும் என்று எழுதினார்கள். கடைசியில் வேலை முடிந்துவிட்டதாகக் குறித்துப் புகாரை மூடிவிட்டார்கள். பத்து வருட உத்தரவாதச் சீட்டை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். குழாய்க் கசிவு, மழைநீர்க் கசிவு, காற்றின் ஈரப்பதம் ஆகியவற்றால் வரும் பாதிப்புகளுக்கு அது பொருந்தாதாம். இவை மூன்றையும் விட்டால் முதல் மாடிச் சுவருக்கு ஈரம் வேறு எங்கிருந்துதான் வரும்? மூன்று மாதச் சம்பளத்துக்கு என் கையில் மிஞ்சியது அந்தச் சீட்டு ஒன்றுதான்.

தெரிந்த பிளம்பர் ஒருவர் நேற்று வந்து, வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லிவிட்டு என்னைத் தண்ணீர் மீட்டரின் முன்னால் நிற்க வைத்தார். கண்ணாடிக்குள் இருந்த சின்னஞ்சிறு சிவப்புச் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. குளியலறைக் குழாயின் இணைப்பு ஒன்று சுவருக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் வாங்கியது என் ஒரு நாள் சம்பளத்தைவிடக் குறைவு.

ஓதத்தைத் தடுப்பது எப்படி என்று விரிவாக எழுதுவதாகத்தான் நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கான மனநிலை இல்லை. அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன். யாரையும் அழைக்கும் முன் மீட்டரைப் பாருங்கள். சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள்; தாளின் வெளிப்புறம் நனைந்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம், சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. காற்றின் ஈரம்தான் என்றால் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பூஞ்சையைப் போக்க பிளீச்சிங் திரவத்தையும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றாதீர்கள், நச்சுவாயு வரும். கசிவை நிறுத்திச் சுவர் நன்றாகக் காயும்வரை யாரையும் பெயின்ட் அடிக்க விடாதீர்கள். எங்கள் சுவர் காய இன்னும் சில மாதங்கள் ஆகும் என்கிறார் பிளம்பர், அதுவரை அம்மா கூடத்தில்தான் படுத்துக்கொள்கிறார். முழுத் தொகையை மட்டும் முன்பணமாகக் கொடுத்துவிடாதீர்கள்.