ஒன்றரை வருஷமா ஒத்தக் கால்ல டைட் சாக்ஸ்

நேத்து மச்சான் போன் பண்ணி, "டாக்டர் எனக்கும் அந்த டைட் சாக்ஸ் எழுதிட்டாரு, எப்படிடா இருக்கும்"னு கேட்டான். அவனுக்கு வெரிகோஸ் (கால் சிரை புடைச்சு சுருண்டுக்குறது), எனக்கு டி.வி.டி. (DVT), கால்ல உள்ளாற ஓடுற பெரிய சிரையில ரத்தம் உறையுற கேஸ்.

வேளச்சேரில மழைக்கு வண்டி ஸ்லிப் ஆகி கணுக்கால்ல கிராக், ஆறு வாரம் மாவுக்கட்டு, பிரிச்ச கையோட ஒரு கல்யாணத்துக்கு திருநெல்வேலி பஸ், பாத்ரூம் பிரச்சனைன்னு தண்ணி கூட குடிக்காம ராத்திரி பூரா உக்காந்தே போனேன். திரும்பி வந்தா இடது கெண்டைக்கால் வீங்கி கல்லு மாதிரி. சுளுக்குன்னு அம்மா தைலம் போட்டு நீவி விட்டாங்க (கூடவே கூடாதாம், உறைஞ்ச ரத்தக்கட்டி பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து). டாப்ளர்னு ரத்த ஓட்டத்த பாக்குற ஸ்கேன் பாத்துட்டு டாக்டர் சொன்னாரு, நடக்கும்போது கெண்டைச் சதைதான் ரத்தத்த பம்ப் பண்ணி மேல தள்ளுது, அதையே கட்டிப்போட்டா ரத்தம் தேங்கத்தானே செய்யும்னு. ஆபரேஷன், பிரசவம், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, கேன்சர், பரம்பரை வாகு, இதுல எதுவும் காரணமா இருக்கலாமாம், ரெண்டு மூணு சேர்ந்தா ரிஸ்க் கூடும்.

சாக்ஸுக்கு வரேன். கிளாஸ் 2 (எவ்வளவு இறுக்கம்ங்கிற கணக்கு), முட்டிக்குக் கீழ வரைக்கும். கட்டி பெருசாகாம பாத்துக்குறது டாக்டர் குடுத்த மாத்திரை, கரைக்கிறது நம்ம உடம்பு, சாக்ஸுக்கு வீக்கத்த அடக்குற வேல மட்டும்தான். அத நல்லாவே செய்யுது, சாயங்காலம் கால் லேசா இருக்கு, பொய் சொல்லக்கூடாது.

ஆனா அந்த மேல் பட்டி இருக்கே! பரங்கிமலை ஸ்டேஷன் படி ஏறி முடிக்கறதுக்குள்ள சுருண்டு இறங்கி, முட்டிக்குக் கீழ கயிறு கட்டுன மாதிரி இறுக்கும். ரத்தம் ஓடணும்னு போட்ட சாமான் ரத்தத்தையே கட்டிப்போடுது. கத்திரி வெயில்ல வேர்வை வேற, உள்ள அரிக்கும், சொறியவும் முடியாது. நாலு மாசம் கம்பெனிக்காரன திட்டிட்டு இருந்தேன், அப்புறம்தான் தெரிஞ்சது, கடைல சாயங்காலம் ஏழு மணிக்கு, கால் வீங்கி இருக்கும்போது அளவெடுத்திருக்காங்க! காலைல எந்திரிச்ச உடனே எடுக்கணுமாம். ஒரு சைஸ் குறைச்சு வாங்குனதுல சுருளுறது பாதி நின்னுச்சு, மாட்டுறதுக்குத்தான் இப்ப டபுள் போராட்டம். பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கிளவுஸ் போட்டு குதிகால்லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா நீவிக்கிட்டே ஏத்தணும். எங்க வீட்ல கிளவுஸ காணோம்னா முதல்ல என் கட்டிலுக்கு அடியிலதான் தேடுவாங்க.

அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார். மூணாவது ஜோடி நேத்து ஆர்டர் போட்டாச்சு. மச்சான், வாங்குடா, ஆனா காலைல அளவெடு.