காஞ்சன்ஜங்கா, மகாலு, தவுலகிரி: எந்த பேஸ் கேம்ப்புக்குக் கூடாரம் கட்டிக்கொண்டு போகலாம்?

எவரெஸ்ட்டின் அடிவார முகாமான பேஸ் கேம்ப்புக்கோ அன்னபூர்ணா பேஸ் கேம்ப்புக்கோ ஒருமுறை போய் வந்தவர்களில் பலருக்கு அடுத்து இப்படி ஒரு ஆசை வரும். வழிநெடுக வைஃபையும் ஆப்பிள் பையும் விற்கிற விடுதிகள் வேண்டாம். கூட்டமே இல்லாத பள்ளத்தாக்கு, கூடாரம், சமையல்காரர், ஒரு நல்ல கைடு என்று இரண்டு மூன்று வாரம் போய்விட்டு வரவேண்டும். நேபாளத்தில் ஏஜென்சிக்காரர்களிடம் இதைச் சொன்னால் பெரும்பாலும் மூன்று பெயர்கள் வரும்: காஞ்சன்ஜங்காவின் வடக்கு பேஸ் கேம்ப், மகாலு பேஸ் கேம்ப், தவுலகிரியைச் சுற்றி வரும் பாதை.

மூன்றுமே எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்கள். காஞ்சன்ஜங்கா 8,586 மீட்டர், மகாலு 8,485, தவுலகிரி 8,167. விளம்பரத்தில் மூன்றுக்கும் ஒரே வசனம்தான், ஒரே மாதிரி மஞ்சள் கூடாரப் படம்தான். காட்சியை வைத்து ஒப்பிட்டால் விடியவிடியப் பேசிக்கொண்டிருக்கலாம். நான் முதலில் கேட்பது வேறு கேள்வி: மேலே ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் அவரை எந்த வழியாக, எவ்வளவு சீக்கிரம் கீழே இறக்க முடியும்?

காரணம் இருக்கிறது. உயரத்தில் ஆக்சிஜன் போதாமல் வரும் உயர நோய்க்கு உறுதியான மருந்து கீழே இறங்குவது ஒன்றுதான். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அதை மீறினாலும், சில சமயம் மீறாவிட்டாலும்கூட, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம், மூளை வீங்கலாம். ஆக்சிஜன் சிலிண்டரும் டெக்ஸாமெத்தசோன் என்ற மருந்தும் நோயாளியை உள்ளே படுக்கவைக்கும் காற்றழுத்தப் பையும் அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். ஹெலிகாப்டர் வானம் தெளிந்தால்தான் வரும். வானம் மூடிய நாளில் மிச்சமிருப்பது கால் நடையும் போர்ட்டரின் முதுகும்.

காஞ்சன்ஜங்கா: நீளம் அதிகம், ஆனால் நியாயமான பாதை

வடக்கு பேஸ் கேம்ப்பின் பெயர் பாங்பெமா, உயரம் 5,143 மீட்டர். மூன்றிலும் இதுதான் உயரமான பேஸ் கேம்ப், எடுக்கும் நாட்களும் இதற்குத்தான் அதிகம். வடக்கு மட்டும் என்றால் இரண்டரை வாரம், தெற்கு பேஸ் கேம்ப் பக்கமுள்ள ஒக்தாங்கையும் சேர்த்தால் மூன்று வாரத்துக்கு மேல். இவ்வளவு இருந்தும் மூன்றில் பத்திரமானது இதுவே என்பது என் கணிப்பு.

பாதையின் அமைப்பைப் பாருங்கள். தாப்லேஜுங் மாவட்டத்தின் ஏலக்காய்த் தோட்டங்கள் வழியாக செகாத்தும், அம்ஜிலோசா, கியாப்லா என்று ஆற்றை ஒட்டியே ஏறி, சுமார் 3,400 மீட்டரில் இருக்கும் குன்சாவுக்கு வந்து சேரும். அங்கே ஒரு நாள் ஓய்வு. அடுத்து கம்பாச்சென், ஏறக்குறைய 4,100 மீட்டர். அங்கேயும் ஒரு நாள் தங்கலாம், தங்கவும் வேண்டும். ஏனென்றால் அடுத்த இரவு லோனாக்கில், 4,780 மீட்டரில். குன்சாவிலிருந்து கம்பாச்சென் வந்ததைப் போலவே இதுவும் ஒரே நாளில் ஏறக்குறைய 700 மீட்டர், இந்தப் பாதையின் மோசமான தாவல்கள் இவை. கம்பாச்சென்னில் சும்மா உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. ஜன்னுவின் அடிவாரம்வரை நடந்துவிட்டுத் திரும்பலாம், உடம்பும் பழகும். 7,710 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்துக்கு நேபாளத்தில் கும்பகர்ணன் என்று பெயர். எழுந்து நிற்கிற தோரணையைப் பார்த்தால் பெயர் வைத்தவரோடு சண்டைக்குப் போகத் தோன்றாது.

லோனாக்கில் ஒருவருக்குத் தலைவலி முற்றுகிறது, வாந்தி, நடை தள்ளாடுகிறது என்றால் கூட்டிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். சில நிலச்சரிவுப் பகுதிகளைப் பார்த்துக் கடக்க வேண்டும். ஆனால் நடுவில் கணவாய் எதுவும் இல்லை. ஒரு நாளில் கம்பாச்சென், உடம்பு ஒத்துழைத்தால் குன்சாவே வந்துவிடலாம். ஆற்றோடு இறங்குகிற பாதை என்பதன் மதிப்பு அப்போதுதான் தெரியும்.

ஏஜென்சிகள் வடக்கையும் தெற்கையும் சேர்த்து விற்கத்தான் விரும்புவார்கள். குன்சாவிலிருந்து தெற்கே செராமுக்குப் போகும்போது 4,600 மீட்டரை ஒட்டிய கணவாய்கள் அடுத்தடுத்து வரும். பாங்பெமா போய் வந்த உடம்புக்கு அது சிரமமில்லை, பனி பெய்திருந்தால் மட்டும் சிக்கல். தெற்கில் யாலுங் பனியாறு இருக்கிறது. 1955 மே 25 அன்று ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் அந்தப் பக்கமாகத்தான் முதன்முதலில் மேலே போனார்கள். சிக்கிம் மக்கள் அந்த மலையைத் தெய்வமாக மதிப்பதால், கொடுத்த வாக்குப்படி உச்சிக்குச் சில அடி முன்னாலேயே நின்றுவிட்டுத் திரும்பினார்கள். விடுமுறை குறைவாக இருந்தால் தெற்கை வெட்டிவிடுங்கள். கம்பாச்சென்னில் போடும் ஓய்வு நாளை மட்டும் வெட்டாதீர்கள்.

போய்ச் சேர்வதிலும் நமக்கு ஒரு வசதி. காத்மாண்டு வழியாகத்தான் போகவேண்டும் என்று இல்லை. பாக்டோக்ராவுக்கு விமானத்தில் போய், காக்கர்பிட்டா எல்லையைத் தாண்டி, இலாம், ஃபிதிம் வழியாக ஜீப்பில் தாப்லேஜுங் போகலாம். ஆனால் இது கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. பதிவுபெற்ற ஏஜென்சியும் கைடும் இல்லாமல் பெர்மிட் கிடைக்காது. எனவே காகிதங்கள் முன்கூட்டியே தயாராக வேண்டும், ஏஜென்சியோடு பேசிவிட்டு வழியை முடிவு செய்யுங்கள்.

மகாலு: மேலே போகவும் ஏற்றம், திரும்பி வரவும் ஏற்றம்

காஞ்சன்ஜங்காவுக்குப் பத்து நாள் முன்னால், 1955 மே 15 அன்று, பிரெஞ்சுக்காரர்களான லியோனல் டெர்ரேயும் ழான் கூஸியும் மகாலுவின் உச்சியைத் தொட்டார்கள். பேஸ் கேம்ப் 4,870 மீட்டரில், பருண் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் இருக்கிறது. அங்கிருந்து பக்கத்து முகட்டில் ஏறினால் எவரெஸ்ட்டும் லோட்சேவும் திபெத் பக்கத்து முகத்தைக் காட்டும். காட்சிக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் என் ஓட்டு மகாலுவுக்குத்தான். நாட்களும் குறைவு, விமானம் இறங்கும் தும்லிங்தாரிலிருந்து கணக்கிட்டால் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம்.

சிக்கல் நடுவழியில் இருக்கிறது. நும் என்ற ஊரிலிருந்து அருண் ஆற்றுக்குத் தடதடவென்று இறங்கி, மறுகரையில் செதுவாவுக்கு ஏறி, தாஷிகாவ் போய்ச் சேர்வீர்கள், உயரம் 2,100 மீட்டர். மறுநாள் கோங்மா தாண்டா, 3,500. ஒரே நாளில் 1,400 மீட்டர், ஏறக்குறைய எல்லாம் படிக்கட்டு மாதிரி நட்டுக்குத்தாக. அதன்பின் 4,200 மீட்டர் வாக்கில் ஷிப்டன் கணவாயைக் கடந்து மறுபடி 3,550 வரை இறங்கித்தான் பருண் பள்ளத்தாக்கில் கால் வைக்க முடியும். வந்த வழிதான் திரும்பும் வழி. பருண் ஆறு அருணோடு சேரும் கீழ்ப்பகுதி செங்குத்தான பிளவு, வழக்கமான பாதை அங்கே கிடையாது.

பேஸ் கேம்ப்பில் உடம்பு கெட்டால் அதே பள்ளத்தாக்கிலுள்ள யாங்ரி கர்காவரை 1,300 மீட்டர் இறக்கிவிடலாம், பெரும்பாலும் அதிலேயே தேறிவிடுவார்கள். இதை மறைப்பது நியாயமில்லை. ஆனால் தேறாதவரையோ, காலை உடைத்துக்கொண்டவரையோ ஊருக்குக் கொண்டுபோக மறுபடி 4,200 மீட்டர் உயரமுள்ள அந்தக் கணவாய்க்கு ஏற்ற வேண்டும். கணவாயில் இடுப்பளவு பனி விழுந்திருந்தால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அதனால் மகாலு போகிறவர்களுக்கு நான் சொல்வது, கோங்மா தாண்டாவில் கூடுதலாக ஓர் இரவு, கடைசியில் இரண்டு மூன்று உபரி நாள். பதினாறு நாள் கொடுக்கிற ஏஜென்சியைவிட இருபது நாள் கேட்கிற ஏஜென்சியை நம்பலாம்.

மழையையும் சொல்லியாக வேண்டும். அருண் பள்ளத்தாக்கு வங்கக்கடல் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் வாசல். ஏப்ரல், மே மாதங்களில் மகாலு பகுதியில் மதியத்துக்குமேல் மேகம் சேர்வது சாதாரணம். அந்த ஈரத்தால்தான் காடு அவ்வளவு அடர்த்தி, ரோடோடென்ட்ரான் பூக்கள் அவ்வளவு சிவப்பு. அட்டைகளும் அதே ஈரத்தில்தான் வாழ்கின்றன.

தவுலகிரி: இரண்டு கணவாய்களுக்கு நடுவில்

இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் முதல் கூடாரப் பயணத்துக்கு இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பதுதான் செய்தி. பேனியிலிருந்து மியாக்தி ஆற்றைப் பிடித்து ஏறி, பனியாற்றின்மேல் நடந்து, 4,740 மீட்டரில் பேஸ் கேம்ப். அதுவரை சரி. அதற்குப் பிறகு 5,360 மீட்டர் உயரமுள்ள பிரெஞ்சு கணவாய். தாண்டினால் ஐயாயிரம் மீட்டரில், வீடு வாசல் எதுவும் இல்லாத ஹிடன் வேலி. அங்கிருந்து வெளியே வர 5,200 மீட்டரை ஒட்டி இன்னொரு கணவாய், பிறகு மார்பா என்ற கிராமத்துக்கு முழங்கால் நோகும் ஓர் இறக்கம். ஹிடன் வேலியில் ஒருவருக்கு நோய் வந்தால் எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏறித்தான் ஆகவேண்டும். பனியில் நடந்து பழகியவர்களுக்கு, முன்பே ஐயாயிரத்தைத் தாண்டி உடம்பை அறிந்தவர்களுக்கு, இது மூன்றிலும் சிறந்த நடை. மற்றவர்கள் வேறொரு வருடம் யோசிக்கலாம்.

கூடாரம் உண்மையிலேயே வேண்டுமா?

தவுலகிரியில் கேள்விக்கே இடமில்லை, கூடாரமில்லாமல் மேல்பகுதியைக் கடக்க முடியாது. காஞ்சன்ஜங்காவிலும் மகாலுவிலும் நிலைமை மாறிவிட்டது. லோனாக் வரைக்கும், மகாலு பேஸ் கேம்ப் வரைக்கும், சீசனில் எளிய விடுதிகள் திறந்திருக்கின்றன. பலகைச் சுவர், பருப்பு சாதம், நடுவில் ஒரு அடுப்பு. பல குழுக்கள் இப்போது கூடாரம் இல்லாமலே போய் வருகின்றன.

கூடாரம் என்றால் என்ன செலவு என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு கைடு, ஒரு சமையல்காரர், அவருக்கு உதவியாளர்கள், தூங்கும் கூடாரம், சாப்பாட்டுக் கூடாரம், கழிப்பறைக் கூடாரம், மண்ணெண்ணெய், அரிசி, காய்கறி எல்லாவற்றையும் சுமக்கப் போர்ட்டர்கள். நான்கு பேருக்காகப் பத்துப் பன்னிரண்டு பேர் நடப்பார்கள். விலை ஏறுவது இதனால்தான். சீப்பாகக் கிடைத்தால் எங்கே குறைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் போர்ட்டரின் வயிற்றிலும் காலிலும்தான் குறைத்திருப்பார்கள்: முப்பது கிலோவுக்கு மேல் சுமை, கான்வாஸ் ஷூ, இரவில் ஒண்ட ஒரு தார்ப்பாய். ஷிப்டன் கணவாயில் பனி கொட்டினால் முதலில் விழுபவர் அவராகத்தான் இருப்பார்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, காஞ்சன்ஜங்காவில் கூடாரத்துக்கு ஆதரவாக ஒரு வலுவான காரணம் உண்டு. விடுதியை நம்பிப் போகிறவர்களில் பெரும்பாலோர் லோனாக்கிலிருந்து அதிகாலையில் கிளம்பி, பாங்பெமாவைப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடுவார்கள். கூடாரம் இருந்தால் உடம்பு நன்றாக இருப்பவர்கள் பாங்பெமாவிலேயே ஓர் இரவு தங்கி, வடக்கு முகத்தில் முதல் வெயில் படுவதைச் சாவகாசமாகப் பார்க்கலாம். கீழ்ப்பகுதி முழுக்க விடுதியில் தங்கிக்கொண்டு, கம்பாச்சென்னுக்கு மேலே மட்டும் இரண்டு கூடாரம் எடுத்துப்போகும் கலவை ஏற்பாடும் சாத்தியம். கேட்டால் செய்து கொடுப்பார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்த விஷயத்தில் கவலையே வேண்டாம். விடுதியோ கூடாரமோ, தினமும் பருப்பு சாதம்தான், அசைவர்கள்தான் ஏங்கிப்போவார்கள்.

எந்த மாதம், ஏஜென்சியிடம் என்ன கேட்பது

அக்டோபர் நடுப்பகுதி முதல் நவம்பர் நடுப்பகுதிவரை மூன்றுக்குமே நல்ல காலம் என்பார்கள். உண்மைதான், ஆனால் அதே மாதங்கள்தான் வங்கக்கடலில் புயல் உருவாகும் மாதங்களும். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுட்ஹுட் புயலின் மிச்சம் இரண்டே நாளில் நேபாளத்துக்குப் போய்ப் பெரும் பனியாகக் கொட்டியது. அன்னபூர்ணா, தவுலகிரிப் பகுதிகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கிளம்புவதற்கு முன் நம்மூர் வானிலை மையத்தின் புயல் அறிவிப்பைப் பார்ப்பது இமயமலைக்கும் உதவும். கைடிடம் சேட்டிலைட் ஃபோன் இருந்தால் கணவாய்க்கு முந்தைய இரவும் இதை விசாரித்துக்கொள்ளலாம்.

ஏஜென்சியிடம் கேட்க வேண்டியதில் எனக்கு முக்கியமானது இது: ஒருவருக்கு நோய் வந்து இறங்க வேண்டியிருந்தால் அவரோடு யார் போவார்? கைடே போய்விட்டால் மீதிப்பேர் மேலே வழிகாட்டி இல்லாமல் நிற்பார்கள். கைடு போகவில்லையென்றால் நோயாளி மொழி தெரியாத ஒரு போர்ட்டரோடு தனியாக இறங்குவார். எனவே நான்கு பேருக்கு மேல் குழு இருந்தால் உதவி கைடு ஒருவர் கட்டாயம். போர்ட்டர்களுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் இன்ஷூரன்ஸ் 6,000 மீட்டர்வரை ஹெலிகாப்டர் மீட்பைச் சேர்த்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள். இந்தியாவில் விற்கும் சாதாரணப் பயண பாலிசிகள் பலவற்றில் அது இருக்காது. பணம் கட்டுவேன் என்று யாராவது உறுதி கொடுத்தால்தான் ஹெலிகாப்டர் கிளம்பும். அதனால் பாலிசி எண்ணும் நிறுவனத்தின் 24 மணிநேரத் தொலைபேசி எண்ணும் உங்கள் பையில் மட்டும் இருந்தால் போதாது, கைடிடமும் வீட்டில் ஒருவரிடமும் இருக்கட்டும்.